முதலாளியின் கழுத்து

தனுஷ்கோடி முதலாளியின் கழுத்து தன் மகளின் இரண்டு கைகளுக்கு நடுவில் இருப்பதைப் பார்த்ததும், அய்யம்மாள் சோற்றுத் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டாள்.

திரைச்சீலை விலகிய இடைவெளியில் நன்றாகவே தெரிந்தது. முதலாளி கண்ணை மூடி மல்லாந்து படுத்திருந்தார். தலைமாட்டில் நின்று எழில் அவர் பிடரியை விரலால் தடவித் தடவி எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

‘மாரியாத்தா, கொண்டாந்து சேத்துட்டியே!’ என்று அய்யம்மாளின் மனசு கும்பிட்டது.

ஒன்பது வருடம் ஆகிறது. பட்டாசு ஆலையில் ஒரு அறைக்கு நாலு பேர்தான் என்பது சட்டம். தீபாவளி லோடு போகணும் என்று பதினோரு பேரை ஒரே அறையில் உட்கார வைத்தவர் இவர்தான். அறை வெடித்துக் கருகிப்போன அந்தப் பதினோரு பேரில் ஒருவன் அவள் புருஷன் சங்கிலிமுத்து. அரைஞாண் கயிற்றில் கோர்த்திருந்த வீட்டுச் சாவியைப் பார்த்துத்தான் அவனை அடையாளம் சொன்னாள்.

குனிந்த தலை நிமிராமல் வெடிமருந்து அடைக்கிற வேலை அவனுக்கு. சாயங்காலம் வந்ததும், “எழிலு, கழுத்தப் பிடிச்சு விடு தாயி” என்று உட்கார்ந்துவிடுவான். எழில் முதன்முதலில் பிடித்துப் பழகியது அந்தக் கழுத்தைத்தான். பிறகு பிசியோதெரபி படித்து, எலும்பைச் சொடுக்கி நேராக்கும் கைரோபிராக்டிக்கும் கற்றுக்கொண்டு வந்து, சிவகாசியில் இந்தச் சின்ன இடத்தைப் பிடித்திருக்கிறாள். ஆனால் இவருக்கு வைத்தியம் பார்க்கிறாள் என்பது அய்யம்மாளுக்கு இன்றுதான் தெரியும்.

நாற்காலியில் இருந்த முதலாளியம்மா லட்சுமிகாந்தம் தானாகவே பேச்சுக் கொடுத்தாள். ஆலைப் பக்கமே எட்டிப் பார்க்காதவளுக்கு அய்யம்மாளை எப்படித் தெரியும்?

“ஒனக்கும் கழுத்துதானாம்மா? எங்க வீட்டுல ரெண்டு வருசமாத் திரும்ப முடியாம இருந்தாக. கையெல்லாம் மரமரப்பு. ஒரு கல்யாணங்காட்சிக்குப் போக முடியல, அம்மன் கோயில் பொங்கலுக்குத் தீச்சட்டி பாக்கப் போக முடியல. கோர்ட்டுக்குக்கூட வக்கீலுதான் டாக்டர் சீட்டக் குடுத்து வாய்தா வாங்கிட்டு வாராரு. வர்ற வியாழக்கெழம வாய்தாவுக்கும் சீட்டு வாங்கி வச்சாச்சு. இந்தப் பிள்ள கைபட்ட பெறகுதான் நல்லாத் தூங்குறாக. இன்னைக்கு ஆறாவது தடவ.”

வாய்தாவைப் பற்றி அய்யம்மாளிடமா சொல்ல வேண்டும்? ஒவ்வொரு தடவையும் கூலியை விட்டு, பஸ் ஏறிப் போய், கோர்ட்டு வாசலில் காய்ந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவள் அவள். அவர் வந்து நிற்காமல் அந்த வெடிவிபத்து வழக்கு ஓர் அடி நகரவில்லை. அதைவிட, ஆறு தடவை இந்தக் கழுத்து கையில் கிடைத்தும் மகள் சும்மா விட்டிருக்கிறாளே என்றுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திரைச்சீலை ஓரம் போய் நின்றாள். எழில் நிமிர்ந்து பார்த்தாள். அய்யம்மாள் கோழியைத் திருகுவதுபோல இரண்டு கையையும் முறுக்கிக் காட்டினாள்.

எழில் மெல்லத் தலையை ஆட்டினாள்.

“ஒடம்ப லூசா விடுங்க அண்ணாச்சி. மூச்ச இழுங்க... விடுங்க.”

‘சொடக்!’

“ஆத்தாடீ!” என்று அலறினார் முதலாளி. லட்சுமிகாந்தம் பதறி உள்ளே ஓடினாள். அய்யம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முடிந்தது கதை என்று நினைத்தாள்.

எங்கே முடிந்தது? முதலாளி எழுந்து உட்கார்ந்து இடது பக்கம் திரும்பினார், வலது பக்கம் திரும்பினார். அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார்.

“அடேயப்பா! அம்புட்டும் திரும்புதே! நீ நல்லா இருப்ப தாயி!”

“அண்ணாச்சி, உங்களுக்குச் சம்மதம்னா ஒரு வீடியோ எடுத்துக்கிடட்டா? தேவப்படுறவுகளுக்குக் காட்டலாம்.”

“நல்லாக் காட்டு! ஊரே பாக்கட்டும்!”

“அப்பன்னா பேரையும் தேதியையும் சொல்லிட்டுப் பேசுங்க.”

முதலாளி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போன் முன்னால் நின்றார். பேர் சொன்னார், கம்பெனி சொன்னார், தேதி சொன்னார். கழுத்தை நாலு பக்கமும் சுழற்றினார். வாசல் படியில் இரண்டு தரம் ஏறி இறங்கினார்.

“வலி சுத்தமாப் போயிருச்சு. இங்கன இருந்து சாத்தூருக்கு நடந்தே போகச் சொன்னாலும் போவேன்!”

சிரித்துக்கொண்டே அய்யம்மாளைக் கடந்துபோய்க் காரில் ஏறினார். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. கூலிக்காரி முகத்தை என்றைக்குப் பார்த்திருக்கிறார்?

கார் தெருமுனை திரும்புகிறவரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற அய்யம்மாள், உள்ளே வந்து தூக்குவாளியை எட்டி உதைத்தாள். சோறு தரையெல்லாம் சிதறியது.

“ஒங்கய்யனக் கரிக்கட்டையாக்குன கழுத்துடி அது! அத நிமித்தி, வலியப் போக்கி, வீடியோ வேற எடுக்குற. த்தூ! அந்த மனுசனுக்குப் பெறந்தவதானா நீயி?”

எழில் சோப்புப் போட்டு இரண்டு தரம் கையைக் கழுவினாள். துடைத்துவிட்டுப் போனை எடுத்து எதையோ அனுப்பினாள். அது போய்ச் சேர்ந்ததைப் பார்த்த பிறகுதான் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

“வியாழக்கெழம கோர்ட்டுல அந்தச் சீட்ட நீட்டட்டும்மா, வீடியோ நம்ம வக்கீலு கையில இருக்கு.”