டிவி ஓடட்டும்

மேட்ச்சுகளை டிவியில் யாரும் பார்ப்பதில்லை என்று மகள் செங்கொடி ஆடும் புட்பால் கிளப்பையே இந்த சீசனோடு மூடப்போவதாகப் பேச்சு. இன்றைய மேட்ச்சையாவது நேரில் பார்த்துவிடலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் கிளம்பினார்கள். வியாசர்பாடி வீட்டு வாசலில் ஆட்டோ காத்திருந்தது.

"டிவிய நிறுத்துயா, வூட்ட பூட்டணும்," என்றாள் வரலட்சுமி.

"ஓடட்டும்மே. நம்ம பொண்ணு மேட்ச்சு வரும்," என்றான் டில்லிபாபு.

"நாமதான் கிரவுண்டுக்கே போறோமே! பூட்டுன வூட்ல யாருயா பாக்கப்போறா, பல்லியா? கரண்டு பில்லு உங்க நைனாவா கட்டுவாரு?"

"கத்தாத. போன மாசம் டிவி பக்கத்துல ஒரு பொட்டி வெச்சிட்டுப் போனாங்களே, அது இன்னான்னு நெனச்ச?"

"கேபிள்காரன் பொட்டி."

"இல்லமே. எத்தினி பேரு எந்த சேனல் பாக்குறாங்கன்னு அத வெச்சுதான் எண்ணுறாங்க. இந்த ஏரியாவுக்கே நம்ம வூடு ஒண்ணுதான். ஆளுக்கொரு பட்டன். உன்னுது, என்னுது, ரெண்டையும் அமுக்கிட்டேன்."

வரலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். செருப்பை உதறிவிட்டு உள்ளே ஓடினாள்.

"எங்கமே போற? ஆட்டோ நிக்குது!"

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யோவ், விருந்தாளி வந்தா எந்தப் பட்டன்யா? எங்க அண்ணன் வூட்ல இருந்து ஆறு பேரு வந்துகீறாங்க!"