சாணகலக் குழாய்

சிமெண்டுத் தூள் இறங்கும் குழாயை மாற்றச் சொல்லி எழுதத்தான் இன்ஜினியர் வந்திருந்தாள். கணக்குப்படி முந்நூற்றைம்பது மில்லிமீட்டர் அகலம் வேண்டும். இதுவோ இருநூறு, ஒரு சாண் அகலம்தான். தினமும் அடைத்துக்கொண்டிருக்க வேண்டிய குழாய்.

"பதினோரு வருஷத்துல ஒரு தடவகூட அடைச்சதில்ல மேடம்," என்றார் ஆபரேட்டர். "எங்க வெல்டரக்கா கைவேலை. தூளு தடுமாறக் கூடாதுன்னு பார்த்துப் பார்த்துச் செஞ்சாங்க."

ஓட்டத்தை நிறுத்தச் சொல்லி, பக்கவாட்டுக் கதவைத் திறந்து, அளவுநாடாவோடு கையை உள்ளே விட்டாள். முழங்கை நெருங்கிய பிறகுதான் எதிர்ச்சுவர் தட்டியது. முந்நூற்றைம்பது. வெளியே அளந்தாள். இருநூறு. மூன்று முறை அளந்தும் அப்படியேதான் இருந்தது.

"மாத்தணுமா மேடம்?"

"இதுல யாராவது கை வெச்சீங்க, அவ்வளவுதான்! என்ன வேலைங்க இது!"

ஆசை தீராமல் மறுபடியும் தோள்வரை கையை விட்டாள். இந்த முறை எதிர்ச்சுவர் எட்டவில்லை.