தீராத வயிற்றுவலி

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் காவல் நிலைய ரைட்டர் தங்கதுரை பென்சிலால் ஒரு புள்ளி வைத்துத் தாளை நீட்டினார்.

எதிரே உட்கார்ந்திருந்த அப்பா வாசித்தார்.

மேலே தன் பெயர். அடுத்து மகன் பெயர், இசக்கிராஜ், வயது இருபத்தாறு. தீராத வயிற்றுவலி காரணமாக வாழ்க்கையில் வெறுப்படைந்து, நேற்றுக் காலை தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான்.

இசக்கிராஜுக்கு வயிறு வலித்ததே இல்லை.

கல்லைப் போட்டாலும் கூழாக்குகிற வயிறு அது. அவன் பந்தியில் உட்கார்ந்தால் பரிமாறுகிறவன் வாளியைப் போட்டுவிட்டு ஊரைவிட்டே ஓடுவான்.

ஆனால் அந்தக் காவல் நிலைய எல்லைக்குள் இருபது வருடமாக அந்த ஒரு நோயில்தான் ஆள் சாகிறது. காதலித்தவனுக்கும் வயிறு. பரீட்சை எழுதியவளுக்கும் வயிறு. வெளியூர்க்காரன் எவனாவது பழைய கேஸ் கட்டுகளைப் புரட்டினால் முதல் வேலையாக ஊர்ச் சாம்பாரைக் கைது செய்வான். தங்கதுரை டீ குடிக்கப் போயிருந்தாலும் பேனா தானே எழுந்து அந்த வரியை எழுதி முடித்துவிடும்.

“அவனுக்கு வயிறு வலிக்கலய்யா.”

தங்கதுரை நிமிரவில்லை.

“எல்லாருக்கும் இதான் அண்ணாச்சி. வயித்த அறுத்துப் பாக்குத டாக்டரே ஒண்ணும் கேக்க மாட்டாரு, நீங்க கேக்கியளே. கையெழுத்துப் போட்டாத்தான் பாடி கிடைக்கும்.”

மைத்துனன் சங்கரபாண்டி மேசைக்கு அடியில் அவர் தொடையைக் கிள்ளினான். நண்டுக்குக்கூட அத்தனை பிடி கிடையாது.

“பேசாமப் போடுங்க அத்தான். மனசுல கோளாறுன்னு எழுதினா நாளைக்கு இவள எவன் கட்டுவான்?”

இவள், மகள் மாரிச்செல்வி, சுவரோரம் பெஞ்சில் இருந்தாள். அண்ணனை முதலில் பார்த்தவள் என்பதால் வரச் சொல்லியிருந்தார்கள்.

அவர் பேனாவை எடுத்தார்.

வைத்தார்.

“சரி, நோவுக்கு ஒரு பேராவது சொல்லுங்க. எழுதித் தொலைக்கேன்” என்றார் தங்கதுரை.

அப்பா வாயைத் திறந்தார். சாமியாடி சொன்ன பேர் வந்தது. சங்கரபாண்டி சொன்ன ‘கொழுப்பு’ வந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் டாக்டர் சொன்னது மட்டும் வரவில்லை. வீட்டில் ஒரு நாளும் புழங்காத சொல்.

“மனச்சோர்வு.”

மாரிச்செல்விதான்.

“மாத்திரையில தேறிக்கிட்டுத்தான் இருந்தான். நிறுத்தச் சொன்னது மாமா. நிறுத்தி நாப்பது நாளு.”

யாரும் தடுக்கவில்லை.

“மொதல்ல தூக்கம் போயிரும். பொறவு சோறு மண்ணு மாதிரி இருக்கும். நாம இல்லாட்டா வீட்ல எல்லாரும் நல்லா இருப்பாவன்னு தோணும். சும்மா தோணாது. யாரோ காதுல சொல்லுத மாதிரி.”

தொடையில் இருந்த கை விலகியது.

தங்கதுரை அப்போதுதான் தலையைத் தூக்கினார்.

“இதெல்லாம் ஒங்கிட்ட சொல்லுவானாம்மா?”

“இல்ல சார். அவன் ஒண்ணுமே சொன்னதில்ல.”

அவர் மகளைப் பார்த்தார்.

பெற்ற நாளிலிருந்து பார்க்கிற முகம்தான். கண்ணுக்குக் கீழே கருப்பு. ஒரு நாள் அழுகையில் வருகிற கருப்பு அல்ல.

எழுந்து மகளின் கையைப் பிடித்தார். கையெழுத்தில்லாத தாள் மேசைமேல் கிடந்தது.

“பெரியாஸ்பத்திரியில ஓ.பி. சீட்டு எத்தன மணி வரைக்கும் குடுப்பாவ?”