உப்புத்தாளும் முட்டை ஓடும்

"உலகத்துலயே முதல் தடவையா, பீரோ நிறைய இருந்த நகையைத் திரும்பிக்கூடப் பாக்காம கலையைத் தூக்கிட்டுப் போன திருடன், நம்ம வீட்டுக்குத்தான் வந்திருக்கான் சார்!"

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் மார்பில் தட்டிக்கொண்டு கத்தினார். ஆத்திரத்தில் மீசை குத்திட்டு நின்றது. அந்த ஆத்திரத்தின் ஓரத்தில் கொஞ்சம் பெருமையும் எட்டிப் பார்த்தது.

"பீரோ நிறைய நகையாம்! ஒரு சங்கிலி, ஒரு ஜோடி கம்மல்," என்றாள் மனைவி. "நம்பாதீங்க சார். அந்தக் குப்பையை எந்தத் திருடன் தொடுவான்?"

காவலர் பேனாவைத் திறந்தார். "அப்படி என்னதான் காணாமப் போச்சு?"

"அச்சு அட்டை சார். நல்ல தடிமனான அட்டை மேல சொரசொரப்பா என்னென்ன கிடைக்குதோ எல்லாத்தையும் ஒட்டி, வார்னிஷ் அடிச்சுக் காய வெப்பேன். அப்புறம் மையைத் தேய்ச்சு, ஈரத்தாளை மேல போட்டு, மெஷின்ல குடுத்து உருட்டினா, மேடு பள்ளமெல்லாம் அப்படியே தாள்ல எழும்பி நிக்கும். மெஷினும் நானே பண்ணினதுதான், பழைய லிஃப்ட் உருளையை வெச்சு. யானையை இந்தப் பக்கம் விட்டா, அந்தப் பக்கம் போஸ்ட் கார்டா வரும்!"

"தாளெல்லாம் குளியல் தொட்டியில ஊறுது சார்," என்றாள் மனைவி. "மனுஷங்க குளிச்சு நாளாச்சு."

விடிந்ததிலிருந்து அந்தக் கட்டடத்தில் அவர் சந்தேகப்படாத ஆளே இல்லை. வாசல் காவலாளியின் சாப்பாட்டுப் பையைத் துழாவினார். கீழ் வீட்டு வக்கீலைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு நிற்கவைத்துக் குறுக்கு விசாரணை செய்தார். மேல் வீட்டுக் கைக்குழந்தையின் படுக்கையைக்கூடத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கி வந்தார்.

"பால்கனியில காய வெச்சதுதானே? காத்துல பறந்திருக்கும்," என்றாள் மனைவி.

"காத்தா? உன் வாயிலேருந்து வர்ற காத்தா இருந்தாத்தான் உண்டு! சார், நாளைக்குக் கண்காட்சி. ஆயுசு பூரா அடுத்தவங்களை மேலே ஏத்தி இறக்கிவிட்டவன் நான். இப்பத்தான் எனக்குன்னு ஒரு சுவர் குடுத்திருக்காங்க. நட்டநடு ஹாலு! கதவைத் திறந்தா முதல்ல என் படம்தான் கண்ணுல படும். இப்போ அங்கே வெறும் ஆணிதான் நிக்கப்போகுது."



"ஒரு பிரதிகூட எடுத்து வெக்கலையா?" என்றார் காவலர்.

"இன்னைக்குத்தான் முதல் பிரதியே எடுக்கறதா இருந்தேன். யாருக்கும் காட்டல. இவளுக்குக்கூட, நாளைக்கு நேர்ல பாத்து அசந்து போகட்டும்னு துணி போட்டு மூடித்தான் வெச்சிருந்தேன்."

"சரி, அடையாளம் சொல்லுங்க. படத்துல என்ன இருக்கும்?"

மெக்கானிக் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். "தலைப்பு, 'ஓயாத புயல்'."

"கடல் காட்சியா?"

"கடல், மலை, இடி, மின்னல் எல்லாம் ஒண்ணா சேர்ந்தது சார். மேல பூரா பழைய கயித்தைப் பிரிச்சு, நாரா ஒட்டியிருக்கேன். நடுவுல ரெண்டு பக்கமும் உப்புத்தாள். இருக்கறதுலயே முரட்டு ரகம்! கீழே முட்டை ஓடு, வரிசையா. அதுல ஒண்ணை மட்டும் ஒட்டாம ஒரு சந்து விட்டிருக்கேன் பாருங்க, அந்தச் சந்துதான் படத்துக்கே உயிர்!"

மனைவி உதட்டை இறுக்க மூடிக்கொண்டாள்.

காவலர் எழுதியதை ஒரு முறை படித்துப் பார்த்தார். பெருமூச்சு விட்டுக் காகிதத்தை மடித்தார்.

"அம்மா சொல்றதுதான் சரி. பூட்டு உடையல, நகை போகல. திருட்டே நடக்கல. ஆனா உங்களால வேற ஒண்ணு நடந்திருக்கு. ஆதாரமே இல்லாம தன்னைத் திருடன்னு சொன்னீங்கன்னு கீழ் வீட்டு வக்கீல் உங்க மேல புகார் குடுத்திருக்கார். ஸ்டேஷனுக்குக் கிளம்புங்க."

"திருடனை விட்டுட்டு, பறிகொடுத்தவனைப் பிடிக்கறீங்களா? அடுக்குமா இது?" மெக்கானிக் இரண்டு கைகளையும் நீட்டினார். "மாட்டுங்க விலங்கை! கலைக்காக நான் தூக்குமேடைக்கே போவேன்!"

"ஐயோ, கொஞ்சம் சும்மா இருங்க!" என்று அதட்டினாள் மனைவி. "சார், ஒரு நிமிஷம்."

விறுவிறுவென்று சமையலறைக்குள் போனாள். அலமாரிக்குப் பின்னால் கையை விட்டாள். திரும்பி வந்தபோது அவள் கையில் அந்த அட்டை இருந்தது.

மெக்கானிக்கின் நீட்டிய கைகள் நீட்டியபடியே நின்றன.

அவள் அட்டையைத் தூக்கி, தன் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்தாள்.

காவலர் அட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் அட்டையைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி வாயை மறைத்துக்கொண்டார்.

"திருட்டு நடந்தது நிஜம்தான் சார், எடுத்தது நான்தான்! பேரன் பேத்தி எடுத்த வயசுல, கட்டின பொண்டாட்டி கன்னத்துக்கு உப்புத்தாளை ஒட்டி நடு ஹாலுல மாட்டப் பாத்தா, எவதான் சும்மா இருப்பா?"

"அப்போ... கிழிச்சுப் போட்டிருக்கலாமேம்மா?"

"எப்படி சார் கிழிக்கறது?" விழுந்த முன்பல்லின் சந்து தெரிய அவள் வெடித்தாள். "பாழாப்போன மனுஷன், அச்சு அசலா என்னையே செஞ்சு வெச்சிருக்காரே!"