தாயாரின் தொழில்

“அதை அடிச்சுட்டு ‘வீட்டு வேலை’ன்னு எழுது. அப்பதான் கையெழுத்து!”

“பொய் எழுத மாட்டேன்ப்பா!”

சண்டை தெருவரை கேட்டது. எனக்கு எதிர்வீடு. பழுது பார்க்கக் கொடுத்த இஸ்திரிப்பெட்டி என்ன ஆயிற்று என்று கேட்கிற சாக்கில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பெட்டி இன்னும் இரண்டு நாள் பொறுக்கும். சண்டை பொறுக்காது.

கத்தியவர் எங்கள் மோட்டார் டாக்டர். தெருமுனையில் கடை. மின்விசிறி, தையல் மெஷின், தண்ணீர் பம்பு, எது நின்றுபோனாலும் அவரிடம்தான் போகும். கடையில் எதையும் பிரிக்க மாட்டார். காதருகே வைத்துக் கேட்பார், ஒரு தட்டுத் தட்டுவார், “வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமா பார்க்கணும்” என்பார். இரண்டொரு நாளில் ஓடும். கைராசிக்காரர் என்று சொல்லிச் சொல்லியே அவரைப் பெரிய ஆளாக்கிவிட்டோம்.

எதிர்த்து நின்றவள் அவர் மகள். பதினொன்றாம் வகுப்பு. பள்ளி மாணவிகளுக்கென்று கோடை விடுமுறையில் ஆறு வாரப் பொறியியல் பயிற்சியாம். வெளியூர். இருபதே பேரைத்தான் எடுப்பார்களாம். விண்ணப்பம் அன்று ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். அப்பா கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

மணி நாலரை.

மேஜைமேல் கிடந்த படிவத்தைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். யாரும் காட்டவில்லை. அதற்காகப் பார்க்காமல் இருக்க முடியுமா?

தந்தையின் தொழில்: கடை உரிமையாளர்.

தாயாரின் தொழில்: மெக்கானிக்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஒரு வரி தள்ளி எழுதிட்டேடி. அப்பாவோடது அம்மாவுக்குப் போயிடுச்சு பாரு.”

“இல்ல அத்தை. சரியாத்தான் எழுதியிருக்கேன்.”

அவள் அம்மாவைப் பற்றி எனக்குத் தெரியாததா? மத்தியானம் கதவைச் சாத்தினால் சாயங்காலம்தான் திறப்பாள். தூங்குமூஞ்சி என்று தெருவில் பெயர் வைத்ததே நான்தான். இப்போதும் சண்டை பக்கத்து வீட்டில் நடப்பதுபோல சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

மகள் உள்ளே போய் ஒரு தட்டை எடுத்துவந்து அப்பா முன்னால் வைத்தாள்.

தட்டில் என் இஸ்திரிப்பெட்டி. கைப்பிடி தனியாக, மூடி தனியாக, வயர் தனியாக, ஏழெட்டு ஸ்க்ரூ தனியாக. எனக்குப் பகீரென்றது.

“நீங்களே மாட்டுங்கப்பா. சூடேறினா நான் மாத்தி எழுதிடறேன்.”

டாக்டர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். தட்டைப் பார்த்தார். பழக்கதோஷத்தில் கைப்பிடியைக் காதருகே கொண்டுபோய்விட்டுக் கீழே வைத்தார். ஒரு ஸ்க்ரூவை மூன்று ஓட்டைகளில் வைத்துப் பார்த்தார். மூன்றிலும் அது உட்காரவில்லை.

நெற்றி வேர்த்துவிட்டது. யாரையும் பார்க்கவில்லை.

குழாயை மூடும் சத்தம் கேட்டது. தூங்குமூஞ்சி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். உட்காரக்கூட இல்லை. இரண்டு ஸ்க்ரூவைப் பல்லில் கடித்துக்கொண்டாள். வயர் உள்ளே போனது, கைப்பிடி ஏறியது, மூடி பொருந்தியது. பூத்தொடுக்கிறவள் பூவைப் பார்ப்பாளா? அவளும் பெட்டியைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைத்தான் பார்த்தாள்.

பிளக்கைச் செருகினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

நான் எப்போது நாற்காலியில் உட்கார்ந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பல்பு மாட்டக்கூடப் பயப்படுவாள் என்று இவளைப் பற்றி எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்!

அவள் என் பக்கம் திரும்பினாள். “வயரைப் பெட்டிமேல இறுக்கிச் சுத்தாதீங்கக்கா. ஒவ்வொரு தடவையும் அதே இடத்துலதான் அத்துக்குது.”

ஒவ்வொரு தடவையும். நான்கு வருஷமாக என் பெட்டிக்கு வைத்தியம் பார்ப்பது யார் என்று அப்போதுதான் உறைத்தது.

டாக்டர் பேனாவை எடுத்தார். எந்த வரியையும் அடிக்கச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டார். அழுத்திய அழுத்தில் தாள் ஒரு இடத்தில் கிழிந்தது. அந்தப் பெண் அதைப் பிடுங்கிக்கொண்டு வெறுங்காலோடு ஓடினாள்.

பெட்டியோடு வெளியே வந்தேன். நாலு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள், என்ன சங்கதி என்று. “ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எனக்கு உடம்பு சரியில்லையோ என்று இரண்டு பேர் வந்து விசாரித்தார்கள்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அவர்கள் வீட்டில் ஆள் இல்லாததால் தபால்காரர் என்னிடம் கொடுத்துப் போனார். உறை சரியாக ஒட்டியிருக்கவில்லை.

மகளுக்கு இடம் கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பிக்கும்படி எழுதியிருந்தார்கள்.

கீழே இன்னொரு பத்தி. பட்டறையில் மாணவிகளோடு நின்று வேலை சொல்லிக்கொடுக்க ஒரு பெண் மெக்கானிக் கிடைக்காமல் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். தாயாரால் வர முடியுமா?

இரண்டு தடவை படித்தேன். அவசர அவசரமாக உறையை ஒட்டினேன்.

ஆறு வாரத்துக்கென்று போன அம்மாவை அவர்கள் விடவில்லை. அடுத்த வருஷம் மகளுக்கும் இடம் கிடைத்தது. பிறகு அந்த ஊரிலேயே படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம். மாப்பிள்ளை நன்றாகச் சமைப்பாராம்.

டாக்டர் மட்டும் எதிர்வீட்டிலேயே இருக்கிறார். கடையும் நடக்கிறது. செவ்வாய்க்கிழமை மட்டும் கடையைப் பூட்டிவிட்டு, பெரிய பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு மனைவியைப் பார்க்க பஸ் ஏறுகிறார்.

போகும்போது பைக்குள் கடகடவென்று சத்தம் கேட்கும். திரும்பி வரும்போது கேட்காது.