உறை ஒன்று

ஏழு வாள்களில் ஐந்தை ஒதுக்கிவிட்டாள் இளையவள். எஞ்சிய இரண்டில் வந்து மாட்டிக்கொண்டாள்.

இரண்டும் சீனத்து நேர்வாள்கள். வளைவு கிடையாது, வஞ்சகம் கிடையாது. நூல் பிடித்தாற்போல் நீண்டு, இரு பக்கமும் கூர் கொண்டவை. பழங்காலத்து மாதிரியைப் பார்த்து இந்த ஆண்டு அடித்தவை.

"நூறு வருஷத்துப் பழசுன்னு எவனாவது சொன்னா நம்பாதீங்கம்மா, எல்லாம் நேத்துப் பொறந்ததுதான்" என்று கடைக்காரர் முதலிலேயே உடைத்துச் சொல்லிவிட்டார். சொன்னவர் உறைகளை எடுத்துவர உள்ளறைக்குப் போனார். போன இடத்தில், தொலைபேசியில் யாரோடோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

அச்சகத்தில் புத்தகம் தைத்துக் கட்டுகிறவள் அவள். முந்நூறு தாளில் ஒரு தாள் மயிரிழை விலகியிருந்தாலும் அவள் விரல் கண்டுபிடித்துவிடும். அந்த விரலே இன்று வழி தெரியாமல் விழித்தது.

அதே எஃகு. அதே நீளம். அதே சிவப்புக் குஞ்சம். மற்ற ஐந்தும் அவளுடைய நொந்த மணிக்கட்டைக் கீழே இழுத்தன, இவை இழுக்கவில்லை.

ஆனால், ஒரு குறை. இரண்டின் கைப்பிடியும் ஒரு பக்கம் உருண்டை, மறுபக்கம் தட்டை. ஒன்றில் இடப்பக்கம் தட்டை, மற்றதில் வலப்பக்கம்.

முழு வாளை நெடுக்கில் பிளந்து, பாதியை விற்று, முழுசு என்கிறாரோ? அப்படியானால் எந்தப் பாதி நல்ல பாதி?

"இன்னும் எவ்வளவு நேரம்டி? காய் நறுக்கச் சொன்னா கையை நறுக்கிக்கிறவ நீ. உனக்கு எதுவா இருந்தா என்ன?" என்றாள் முக்காலியில் உட்கார்ந்திருந்த மூத்தவள்.

துணி தேய்க்கும் கடை நடத்துகிறவள் மூத்தவள். மணிக்கட்டு நோவுக்கு மருத்துவர் சொன்னபடி இளையவள் விடியற்காலையில் பள்ளி மைதானத்தில் மரவாள் சுழற்றும்போது, தண்ணீர்ப் புட்டியோடு ஓரத்தில் உட்கார்ந்து பயிற்சியாளருக்கே பயிற்சி கொடுப்பவள். மரவாளே போதும் என்று நேற்றுவரை சொன்னவள், இன்று தானே இழுத்து வந்திருக்கிறாள். போகிறவள் வெறுங்கையோடு போகக் கூடாதாம்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி வருகிறது. இளையவளின் இரண்டு பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வேறோர் ஊருக்குப் போகும். அங்கே ஓர் அச்சகம், ஓர் அறை, ஒற்றை ஆளுக்கு ஒற்றைச் சாவி.

போக விருப்பமா? அவளுக்கே தெரியவில்லை. இருக்க விருப்பமா? அதை எவரும் அவளிடம் கேட்கவில்லை.

வீட்டிலிருந்த ஒரே ஆண் கண்மூடி ஐந்து மாதம். துக்கம் கேட்க வந்த வாய்கள் துக்கத்தையா கேட்டன? 'இனிமேலும் ரெண்டு பேரும் ஒரே வீட்டிலா?' என்று கேட்டன. 'ஒரே உறையில் இரண்டு கத்தியா?' என்று பழமொழி பேசின. எந்தக் கொல்லன் எழுதிய சட்டம் அது? எந்தக் கத்தி அதற்குக் கையெழுத்திட்டது? நிமிர்ந்து கேட்டிருக்க வேண்டும். அவள் கேட்கவில்லை, ஊர்வாயை அடக்கும் மூத்தவளும் கேட்கவில்லை. பழமொழிக்கு மறுமொழி இல்லையென்று இருவரும் தலைகுனிந்து, பெட்டிக்குப் பூட்டுத் தேடினார்கள்.

மறுபடி ஒரு வாளை எடுத்தாள். வைத்தாள். மற்றதை எடுத்தாள். எதைத் தூக்கினாலும் கீழே கிடப்பது முறைப்பது போலிருந்தது.

"அக்கா, நீயே சொல்லேன். எனக்குக் கண்ணைக் கட்டுது."

மூத்தவள் எழுந்து வந்தாள். இரண்டையும் புரட்டினாள், தட்டினாள், முகர்ந்தும் பார்த்தாள். இரண்டையும் பழையபடி கீழே வைத்தாள்.

கடைக்காரர் திரும்பி வந்தார். கையில் ஒரே ஓர் உறை.

"இன்னொண்ணோட உறை எங்கே?" என்றாள் மூத்தவள்.

"இன்னொண்ணு எதுக்கும்மா? இது ஜோடி. ரெண்டுக்கும் இது ஒண்ணுதான்."

தட்டைப் பக்கமும் தட்டைப் பக்கமும் முகம் சேர, இரண்டு வாள்களையும் ஒன்றாகப் பிடித்து உள்ளே விட்டார். உரசல் இல்லை, முரண்டு இல்லை. 'டக்' என்று ஒரே ஓசை.

"தனியா விக்கிறதில்லம்மா. ஒண்ணை மட்டும் போட்டா உள்ளே நிக்காது, கடகடன்னு ஆடும்."

இளையவள் மூத்தவளைப் பார்த்தாள். மூத்தவள் உறையைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே நின்றாள்.

கடைக்காரர் தடித்த பதிவேடு ஒன்றைத் திறந்தார். வாள் வாங்குகிறவரின் விவரம் எழுதிவைக்க வேண்டுமாம். ஜோடி என்றால் இரண்டு ஆள் வேண்டுமாம். இருவர் பெயரையும் எழுதினார். விலாசம் கேட்டார்.

இளையவள் உறையைக் கையில் எடுத்தாள்.

"ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்" என்றாள். அக்காவின் பக்கம் திரும்பாமலே, "ஞாயித்துக்கிழமைக்கு அப்புறமும்" என்றாள்.

மூத்தவள் மூக்கை உறிஞ்சினாள். "வண்டிக்காரனுக்கு நான் சொல்லிக்கிறேன்."

அடுத்த கட்டம், கணவர் பெயர். வாளேந்த வந்தவளாயினும் அவளுக்குப் பின்னால் ஓர் ஆணை நிறுத்தாமல் எழுதத் தெரியாத ஏடு அது.

"அக்காவும் தங்கச்சியும் ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்றார் கடைக்காரர்.

இருவரும் ஒரே மூச்சில் சொன்னார்கள்.

ஒரே பெயரை.