வேலியில் புகுந்த விமானம்

பல் டாக்டர் பிரேக்கை மிதிமிதி என்று மிதித்தார். விமானம் கேட்கவில்லை.

ரெண்டு பேர் உட்காரக்கூடிய குட்டி விமானம்தான். ஓடுபாதை முடிந்த பிறகும் ஓடியது. பக்கத்து நிலத்து மரவேலியை மடமடவென்று சாய்த்துக்கொண்டு உள்ளே புகுந்து, உழுதுபோட்டிருந்த மண்ணில் சக்கரம் புதைந்து நின்றது.

டாக்டருக்கு ஒரு கீறல் இல்லை. விமானத்துக்கும் மூக்கில் மண் ஒட்டியதோடு சரி. நிலத்துக்காரர் கத்திக்கொண்டே ஓடி வந்தார்.

"கண்ணை எங்க வெச்சிருக்கீங்க? ரன்வே அங்க இருக்கு. இது என் நிலம்!"

அவரை எல்லாரும் 'புகார்' என்றுதான் சொல்வார்கள். விமானச் சத்தத்தில் கோழி முட்டையிடவில்லை, புழுதியில் காயப்போட்ட துணி பாழ் என்று விமானப் பயிற்சி கிளப்புக்கு வாரம் ஒரு கடிதம் போடுகிறவர்.

வீட்டில் டாக்டரின் மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அம்பத்தஞ்சு வயசுல உங்களுக்கு விமானம் கேக்குதா?"

"ரெண்டு வருஷமா நல்லாத்தானே ஓட்டினேன்?"

"அந்த மனுஷன் ஒரு வரி எழுதிப் போட்டாப் போதும், உங்க லைசென்ஸ் போச்சு."

வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் வாய்க்குள் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேர வானம்தான் உயிர்.

"போய் வேலியைச் சரிபண்ணிக் கொடுத்துட்டு வாங்க. திட்டினா வாங்கிக்கோங்க. என்ன பெரிய நிலம்! அவரும் ரெண்டு வருஷமா உழுது உழுது போடுறார், ஒரு விதை விதைக்கல. சோம்பேறி! அதுக்கு வேலி ஒரு கேடு."

மறுநாள் காலை, கார் கூரையில் புதுக் கம்பங்களைக் கட்டிக்கொண்டு போனார் டாக்டர். 'புகார்' கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஐயா, நானே நட்டுத் தர்றேன்."

"பல்லு பிடுங்குற கை, கம்பம் நடுமா?"

டாக்டர் குந்தி உட்கார்ந்து, மண்ணில் மிச்சமிருந்த அடிக்கட்டையைப் பிடித்தார். பிடித்தவர் உற்றுப் பார்த்தார்.

மரம் முறிந்தால் சிலும்பு சிலும்பாக இருக்க வேண்டும். இதுவோ முக்கால்வாசி வழவழவென்று இருந்தது. ரம்பத்தால் அறுத்த தடம். நேற்று அறுத்ததும் இல்லை, மழையில் நனைந்து கறுத்திருந்தது. நடுவில் விரல் கனம் மட்டும் வெள்ளையாகப் பிய்ந்திருந்தது.

பக்கத்தில் விழாமல் நின்ற கம்பத்தைத் தொட்டார். பால் பல் மாதிரி ஆடியது. அடுத்ததும் ஆடியது. ஓடுபாதையின் அகலத்தைத் தாண்டிய பிறகுதான் கெட்டியான கம்பம் வந்தது.

"ஐயா, யாரோ இதையெல்லாம் அறுத்து வெச்சிருக்காங்க!"

"யாரோ இல்ல, நான்தான். கெட்டியா நின்னா, வந்து இடிக்கிறவங்க கதி என்ன ஆகும்?"

"அப்போ இந்த உழவு?"

"சக்கரம் புதையணுமில்ல?"

டாக்டர் எழுந்து அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"கிளப்புக்குப் புகார் எழுதுவீங்களா?"

"நேத்தே எழுதிட்டேன்."

டாக்டர் முகம் செத்துப்போனது.

"ரன்வேல வெள்ளைக்கோடு அழிஞ்சு போச்சு, எங்க இறங்கறதுன்னே தெரியல, உடனே பெயின்ட் அடிங்கன்னு எழுதியிருக்கேன். அடிச்சதும் ஒழுங்கா அந்தக் கோட்டுல சக்கரத்தை வைங்க. ஊர்ல இருக்கிறதே ஒரு பல்லு டாக்டர். எனக்கு இன்னும் பதினேழு பல்லு மிச்சமிருக்கு."

டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்னிக்காவது யாராவது தாண்டி வருவாங்கன்னு ரெண்டு வருஷம் முன்னாடியே யோசிச்சு வெச்சிருக்கீங்களே, ஐயா!"

"யாராவதா?"

'புகார்' சிரித்து டாக்டர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நீங்க முதல் முதலாத் தனியா இறங்கினதை இங்க நின்னுதான் பாத்தேன் டாக்டர். அன்னிக்குச் சாயங்காலமே ரம்பத்தை எடுத்துட்டேன்!"